காதால் பிரசவம் பார்த்தவள்

போன வாரம், என்னிடம் வேலை பழகிய நீங்கள் இரண்டு பேரும் மந்தைவெளியில் என் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் மைசூர்பாகு, முகத்தில் விமானத்தில் ஏறி உட்கார்ந்தே விட்ட பெருமை. ஆப்பிரிக்காவில் ஒரு நாடு, அங்கே ஒரு பிரசவ வார்டு, மூன்று மாதத் தன்னார்வப் பணி. "மேடம், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டீர்கள். நானும் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கொசுவலை என்று அடுக்கினேன். நீங்களும் அதைப் பயபக்தியோடு செல்போனில் ஏற்றிக்கொண்டீர்கள்.

நீங்கள் போன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. பிரசவ வார்டில் முப்பத்து மூன்று வருஷம் நர்ஸாகக் குப்பை கொட்டியவளிடம் கேட்டால் பருப்புப்பொடிதானா கிடைக்கும்? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். "இவ்ளோ நீளமா யாருடி படிப்பா?" என்று உங்களில் ஒருத்தி முணுமுணுப்பது இங்கேயே கேட்கிறது. யார் என்றும் தெரியும். விமானத்தில் சும்மாதானே உட்காரப் போகிறாய், படி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் வெளிநாடு போனதில்லை. பாஸ்போர்ட்கூடக் கிடையாது. ஆனால் வெளிநாட்டுக்குத் தன்னார்வப் பணிக்குப் போகிறவள் எப்படி இருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அவர்கள் என்னிடம்தான் வந்தார்கள். "வளரும் நாட்டில் பிரசவப் பணி செய்ய வாருங்கள்" என்று அவர்கள் ஊரில் யாரோ விளம்பரம் செய்வார்கள். அந்த வளரும் நாடு வேறு எதுவும் இல்லை, மயிலாப்பூர் பக்கம் ஒரு அறக்கட்டளை ஏழைப் பெண்களுக்காக நடத்திய எங்கள் பத்துக் கட்டில் ஆஸ்பத்திரிதான்.

வருஷத்துக்கு ஒருத்தி வருவாள். ஆறு வாரம் இருப்பாள். அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் ஹன்னா. ஆறு மாதம் பனி கொட்டும் ஏதோ ஒரு வடக்கத்தி நாட்டில் மருத்துவச்சிப் படிப்பின் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கொட்டிவாக்கத்தில் தங்க இடம் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து சேரும்போது, வேகவைத்த இறால் நிறத்தில் இருப்பாள். தி. நகரில் சல்வார் வாங்கி வந்தவள், துப்பட்டாவை எதற்கு என்று தெரியாமல் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எங்கள் வார்டு ஆயாம்மா அவளுக்கு அன்னம் என்று பெயர் வைத்துவிட்டார். "இன்னா அன்னம், நாஸ்டா துன்னியா?" என்பார். அவளும் எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்பாள்.

முதல் நாளே பெட்டியிலிருந்து பெரிய ரப்பர் பந்து ஒன்றை எடுத்து, அரை மணி நேரம் காலால் பம்ப் அடித்து ஊதினாள். வலி எடுத்த பெண்கள் அதன்மேல் உட்கார்ந்து அசைந்தால் சுலபமாக இருக்குமாம். நல்ல விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் பெண்கள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்களே தவிர ஒருத்தியும் உட்காரவில்லை. கடைசியில் ஆயாம்மா, "நவுருங்கடி, நான் குந்திக் காட்றேன்" என்று புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். பந்து ஒரு பக்கம் ஓடியது, ஆயாம்மா ஒரு பக்கம் விழுந்தார். வலியில் இருந்த நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீங்களும் எதையாவது ஊதி எடுத்துக்கொண்டு போவீர்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பார்க்கலாம், தொடக்கூடாது. படிப்பு முடியாதவள், நம் ஊரில் பதிவு இல்லாதவள் என்பதால் அவளை அனுப்பியவர்களும் எங்கள் நிர்வாகமும் சேர்ந்து போட்ட கட்டுப்பாடு அது. மொழியும் தெரியாது, கையும் வைக்கக்கூடாது. பாவம், ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரம் உட்கார்ந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருப்பாள்.

இனி என் பெருமையைச் சொல்கிறேன். எனக்குக் காதே போதும். கையுறை மாட்டிச் சோதிப்பதற்கு முன்பே, கதவுக்கு வெளியே நின்று, யார் எந்த நிலையில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். 'அம்மா' என்று இழுத்தால் இன்னும் நேரம் இருக்கிறது, நான் டீ குடித்துவிட்டு வரலாம். சாமி பெயர்கள் வரிசையாக வர ஆரம்பித்தால் பாதி தூரம் வந்தாயிற்று. முண்டகக்கண்ணியம்மனைக் கூப்பிட்டாலும் அல்லாவைக் கூப்பிட்டாலும் கணக்கு ஒன்றுதான். புருஷனைத் திட்ட ஆரம்பித்துவிட்டால் ஓடிப்போய்க் கையுறை மாட்ட வேண்டும். டாக்டரம்மாவே என்னைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார். எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

காது எவ்வளவு நீளமோ வாயும் அவ்வளவு நீளம். "ஊர்ல நீ ஒருத்திதான் புள்ள பெக்குறியா? வாயை மூடிட்டு முக்கு!" இது என் வாயிலிருந்து வந்ததிலேயே மரியாதையானது. மற்றவற்றை எழுத முடியாது. எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர் அப்படித் திட்டினார், நான் அவரைப் பார்த்துத் திட்டினேன், என்னைப் பார்த்து நீங்களும் திட்டினீர்கள். இரண்டாவது வாரம் ஹன்னா என்னிடம் வந்து ரொம்பப் பணிவாகக் கேட்டாள், "ஏன் அவர்களைத் திட்டுகிறீர்கள்?" என்று. என் ஆஸ்பத்திரி இங்கிலீஷில் நிமிர்ந்து பதில் சொன்னேன். "அது திட்டு இல்லை. மருந்து. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதுதான் வேலை செய்யும்." அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த நோட்டில் என்னதான் எழுதுகிறாள் என்று ஒரு நாள் பிடுங்கிப் பார்த்தேன். கட்டில் எண், நேரம், பக்கத்தில் கால் படம். ஒவ்வொரு பெண்ணின் காலையும் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். விரல் மடங்கியிருக்கிறது, குதிகால் மெத்தையை அழுத்துகிறது, உள்ளங்கால் என்ன நிறம், இப்படி. "எனக்கு அவர்கள் சொல்வது புரியவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குக் கூச்சம். அதனால் காலைப் பார்க்கிறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கைரேகை ஜோசியம் கேள்விப்பட்டிருக்கிறேன், இது கால் ஜோசியம் என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். அன்று முதல் ஆயாம்மா அவளைப் பார்த்தால் காலை நீட்டி, "அன்னம், எனக்கு எப்போ நல்ல காலம் வரும்?" என்று கேட்பார்.

அவளுடைய நாலாவது வாரத்தில்தான் அமுலு வந்தாள்.

காலை எட்டு மணி இருக்கும். இரண்டாவது பிரசவம். நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் பிள்ளையையும் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பெற்றிருக்கிறாள் என்று அவள் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அப்போது அடையாற்றங்கரையில் குடிசை. பிறகு அந்த வரிசையையே எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, வலியோடு வந்திருக்கிறாள்.

"ரெண்டு பஸ் மாறியா வந்தே? அறிவிருக்காடி உனக்கு?"

"குந்த சீட்டு கெடைச்சிச்சு சிஸ்டர்" என்றாள், அதுதான் பிரச்சினை போல.

"வீட்டுப் பக்கத்துல ஆஸ்பத்திரி இல்லியா?"

"கீது சிஸ்டர். எனக்கு இங்கதான் தெரியும்."

மூன்றாம் கட்டிலில் படுக்க வைத்தேன். நான்காம் கட்டிலில் ஒரு தலைச்சன் பிள்ளைக்காரி. காய்கறிக் கடைக்காரரின் மனைவி. வலி இப்போதுதான் ஆரம்பித்திருந்தது, ஆனால் அவள் போட்ட சத்தத்தில் மந்தைவெளி ஸ்டேஷனில் ரயில் நின்றிருக்கும். அமுலு வாயே திறக்கவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி கிடந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்துவிட்டது. "அவளைப் பாரு, வாயத் தொறக்குறாளா? நீயும் இருக்கியே!" என்று நான்காம் கட்டிலிடம் அவளைக் காட்டிக் காட்டிச் சொன்னேன்.

பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பிள்ளை பிறந்தது. பெண். பிறந்த உடனே நல்ல கணீரென்று அழுதது. மற்றதெல்லாம் ஒழுங்காகவே முடிந்தது. அமுலு முனகக்கூட இல்லை. பிள்ளையைத் துடைத்து வெளியே அவள் அம்மாவிடம் காட்டிவிட்டு வந்து, நான்காம் கட்டில் பக்கம் போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பிள்ளை பெற்றவளைக் கால் மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு நான்தான் பாடம் எடுத்தேன். வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும், போர்வையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று கரடியாய்க் கத்தியிருக்கிறேன். அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? நான்காம் கட்டில் பக்கத்தில் நின்றபடியே குரல் கொடுத்தேன். "அமுலு, எப்படி இருக்கே?"

"நல்லா கீறேன் சிஸ்டர்."

கேஸ் ஷீட்டில் 'நலம்' என்று எழுதினேன். கால் மணி கழித்து மறுபடி குரல் கொடுத்தேன். "நல்லா கீறேன்" என்றாள். மறுபடி 'நலம்'. காதால் கேட்டேன், கையால் எழுதினேன், இரண்டடி தள்ளிக் கிடந்தவளைக் கண்ணால் பார்க்கவில்லை.

ஹன்னா பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தரம் வந்து, "மூன்றாம் கட்டில் பெண் சரியாக இல்லை என்று நினைக்கிறேன்" என்றாள். "பிள்ளை பெத்தவ சோர்ந்துதான் கிடப்பா, டான்ஸா ஆடுவா?" என்றேன். இரண்டாம் தரம் வந்து, "சிஸ்டர், அவள் கால். தயவுசெய்து வந்து பாருங்கள்" என்றாள். நான்காம் கட்டில் அப்போது காளி ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம். "உன் ஜோசியத்தை அப்புறம் வச்சுக்கலாம், போய் ஸ்டூல்ல உக்காரு!" என்று தமிழிலேயே விரட்டினேன்.

மூன்றாம் தரம் அவள் வரவில்லை. அங்கிருந்தே கத்தினாள்.

"ஏய்! இங்க வாடி! சீக்கிரம் வாடி!"

நான்காம் கட்டில்கூட வாயை மூடிக்கொண்டது. என் மாமியார்கூட என்னை 'வாடி' என்று கூப்பிட்டதில்லை. நாலு வாரத்தில் அந்தப் பெண் என்னிடம் கற்றுக்கொண்ட தமிழ் அவ்வளவுதான், அதைத்தான் திருப்பி எனக்கே கொடுத்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் போர்வையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறி, இன்னொரு கையை அமுலுவின் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அடியில் விரித்த ரப்பர் ஷீட்டில், சுவர்ப் பக்கமாகச் சரிந்து, குளம் கட்டி நின்றது ரத்தம். அமுலுவின் உள்ளங்கால் இரண்டும் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தன.

வயிற்றில் கை வைத்தேன். இறுகி இருக்க வேண்டிய கர்ப்பப்பை, தண்ணீர் கூடிப்போன சப்பாத்தி மாவு மாதிரி குழைந்து கிடந்தது. "அமுலு!" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "நல்லா கீறேன்" என்று உதட்டை அசைத்தாள்.

அதற்குப் பிறகு கைகள் தம் வேலையைச் செய்தன. அது உங்களுக்கும் தெரிந்த வேலை, விவரிக்கத் தேவையில்லை. டாக்டரம்மா மாடியிலிருந்து ஓடி வந்தார். மருந்து ஏறியது, ரத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது, மறுபடி வந்தது. எங்களிடம் ரத்தம் ஏற்ற வசதி கிடையாது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் வழியெல்லாம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலை. ஆம்புலன்ஸில் பாதி வழியில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் மருந்து கேட்கிறதா என்று பார்ப்பதா, உடனே அனுப்புவதா என்று டாக்டரம்மா முடிவு செய்தாக வேண்டும். என் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தார்.

"என்னைக் கூப்பிடறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் நலம்னு எழுதியிருக்கீங்க. அப்போ இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம், இல்லையா?"

பெண்களே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்போது என் வாயில் ஒரு 'ஆமாம்' தயாராக இருந்தது. தாளில் என் கையெழுத்து இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஆமாம் என்றால் என் முப்பது வருஷப் பெயருக்கு ஒன்றும் ஆகாது. இல்லை என்றால் ஆயாம்மா, ஹன்னா, நான்காம் கட்டில், எல்லார் முன்னாலும் என் காது, என் கர்வம் எல்லாம் தெருவுக்கு வந்துவிடும். ஒரு மூச்சு விடும் நேரம் நான் பேசாமல் நின்றேன். அந்த ஒரு மூச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"தெரியாது டாக்டர்" என்றேன். "நான் போய்ப் பார்க்கல. இங்கேர்ந்து கேட்டுட்டு எழுதினேன். அரை மணியாவே போயிருக்கலாம்."

டாக்டரம்மா என்னை ஒரு கணம்தான் பார்த்தார். "ஆம்புலன்ஸ். இப்பவே" என்றார்.

பிள்ளையை அமுலுவின் அம்மாவிடமும் ஆயாம்மாவிடமும் விட்டுவிட்டுக் கிளம்பினோம். வண்டியில் நான் முட்டி போட்டு, இரண்டு கையாலும் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்திருந்தேன். கையை எடுத்தால் போச்சு. ஹன்னா ஒரு கையில் டிரிப் பாட்டிலையும் இன்னொரு கையால் அமுலுவின் காலையும் பிடித்துக்கொண்டு நின்றாள். லஸ் முனையில் வண்டி நின்றுவிட்டது. சைரன் அலறுகிறது, எங்கே ஒதுங்குவார்கள், ஒதுங்க இடம் இருந்தால்தானே? அமுலுவின் கண் சொருகியது.

"கத்துடி!" என்றேன். "அமுலு, கண்ணத் தொற! நான் இந்த அழுத்து அழுத்துறேன், வலிக்கலியா உனக்கு? கத்துடி!"

அவள் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"போன தபா நீங்கதான சிஸ்டர் சொன்னீங்கோ... கத்துனா வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்ச்சிடுவேன்னு."

எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக ஞாபகம் இல்லை. எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பேன்! காபி குடிப்பது மாதிரி சொல்லியிருப்பேன், அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் மறந்திருப்பேன். அவள் அதை நாலு வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள். வீட்டைப் பெயர்த்துக் கண்காணாத இடத்துக்கு அனுப்பினார்கள், இந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் அனுப்பிவிடக் கூடாதே என்று இரண்டு பஸ்ஸிலும் வாயை மூடிக்கொண்டு வந்தாள், வாயை மூடிக்கொண்டு பெற்றாள், வாயை மூடிக்கொண்டே போய்விடவும் இருந்தாள். அந்த வண்டியில் நான் அழுதேன். என்னால் கையை எடுக்க முடியாததால், ஹன்னா அமுலுவின் காலை விட்டுவிட்டுத் தன் துப்பட்டாவால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். கடைசியில் அந்தத் துப்பட்டாவுக்கு ஒரு உபயோகம் கிடைத்தது.

போய்ச் சேர்ந்தோம். உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டாக்டர் வெளியே வந்து, "பொழச்சிட்டாங்க. இன்னும் பத்து நிமிஷம் தாமதமா வந்திருந்தா சொல்ல முடியாது" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, கேஸ் ஷீட்டில் இரண்டு 'நலம்' பக்கத்திலும் 'நேரில் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிர்வாகம் மெமோ கொடுத்தது. என் சர்வீஸில் வாங்கிய ஒரே மெமோ, இன்னும் பீரோவில் இருக்கிறது. நோயாளியைத் தொட்டதற்காக ஹன்னாவிடமும் விளக்கம் கேட்டார்கள். "அவள் தொட்டதால்தான் நான் பார்த்தேன்" என்று அவளுக்காக நான் எழுதிக் கொடுத்தேன். என்னை வாடி போடி என்று கூப்பிட்டதை மட்டும் எழுதவில்லை. அதை ஆயாம்மா ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

நீங்கள் போகிற இடத்திலும் என்னைப் போல ஒரு மூத்த சிஸ்டர் இருப்பாள். உங்களைக் கேலி செய்வாள், செய்யட்டும். அவளுக்கு உங்களைவிட ஆயிரம் பங்கு தெரியும், அதனால் அவள் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் மொழி தெரியாதே என்று கவலைப்பட்டு, அகராதியைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்காராதீர்கள். தெரியாத வரைக்கும் கண்ணாவது திறந்திருக்கும். இரண்டு தரம் விரட்டினால் மூன்றாம் தரம் கத்துங்கள். உங்களுக்குப் பாடம் எடுத்தவளே சொல்கிறேன், தைரியமாகக் கத்துங்கள்.

நாலாம் நாள் பழம் வாங்கிக்கொண்டு, ஹன்னாவையும் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அமுலு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது. பிள்ளை அவள் அம்மா மடியில் இருந்தது. வழியெல்லாம் நான் தயார் செய்துகொண்டு வந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. "என்னை மன்னிச்சுடுடி அமுலு. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். அவள் தலை குனிந்துகொண்டு போர்வை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அடுத்த தபா கத்தலாமா சிஸ்டர்?"

"அடுத்த தபாவா? இன்னொரு தபா வேற கீதாடி உனக்கு?" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் சிரித்தார்கள். ஹன்னாவும் புரியாமலே சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"அடுத்த தபா எதுக்கு? இப்பவே கத்து" என்றேன். "எங்கயாவது வலிக்குதா? சொல்லு. உன்னை யாரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க."

அவள் வார்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"இந்தக் கை வலிக்குது சிஸ்டர். காலையிலேர்ந்து."

டிரிப் ஊசி நரம்பை விட்டு விலகி, முழங்கை வரைக்கும் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. தொட்டால் கொதித்தது. நான் எழுந்துபோய் மேஜையில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸைக் கூப்பிட்டேன். உங்கள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. பதறிப்போய் எழுந்து நின்றாள்.

"அவங்க ஒண்ணுமே சொல்லலையே மேடம்" என்றாள். "ரொம்ப நல்ல பேஷண்ட்."

எனக்குத் திட்டு வாய் வரைக்கும் வந்தது, உங்களுக்குத்தான் என் வாய் தெரியுமே. ஆனால் அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவள் கையைப் பிடித்துக்கொண்டு அமுலுவின் கட்டிலுக்குக் கூட்டிப் போனேன்.